தேநீருக்குத் தடை இல்லை

குடும்ப நீதிமன்றத்துக்கு அவர்கள் இருவரும் ஒரே குடையில் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் செய்த முதல் தவறு அது.

வாசலில் நின்ற காவலர் குடையைப் பார்த்தார். பிறகு குடைக்குக் கீழே இருந்த இருவரையும் பார்த்தார்.

"கல்யாணம் பதியறது பக்கத்துக் கட்டடம்" என்றார்.

"இல்லீங்க, நாங்க விவாகரத்துக்கு வந்திருக்கோம்" என்றார் கணவர்.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்."

காவலருக்கு இது பிடிபடவில்லை. அவர் பார்த்த ஜோடிகள் வாசலுக்கு வரும்போதே ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவார்கள். அம்மா, மாமன், மச்சான் என்று ஆளுக்கொரு படையும் பின்னால் வரும். இவர்களோ குடையை மடக்கி, அதன் தண்ணீரை வாசலிலேயே உதறிவிட்டு, செருப்பைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

கணவர் டிரைகிளீனிங் கடை வைத்திருப்பவர். அந்த நீதிமன்றத்து வக்கீல்களில் பாதிப் பேரின் கறுப்பு அங்கிகள் அவருடைய கடைக்குத்தான் வரும். எந்த அங்கியின் கை முழங்கையில் தேய்ந்திருக்கிறது, எது வருடக்கணக்கில் வெளுக்கப்படாமல் வந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச வார்த்தை மிச்சம் இருக்காது. அவர்களுக்குள் சண்டை வந்ததில்லை. அடிதடி இல்லை, குடி இல்லை, இன்னொருத்தி இல்லை, இன்னொருத்தன் இல்லை.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஏழு வயது. ஒரு மழை நாளில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றார் அவர். மருந்து கொடுத்திருக்கிறேன், இந்த மழையில் வேண்டாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அவள். காலையில் பார்ப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வாக்கியம் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. அவர் சொல்லிவிடுவாரோ என்று அவள் அவர் முகத்தைப் பார்ப்பாள். சொல்லிவிடுவோமோ என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாப்பிடும்போதும் விளக்கை அணைக்கும்போதும் அந்த வாக்கியம் தொண்டை வரை வந்து திரும்பிப் போகும். ஒருநாள் இல்லை ஒருநாள் அது வெளியே விழுந்துவிடும் என்று இருவருக்கும் தெரிந்தது. அதற்கு முன்னால் பிரிந்துவிடலாம் என்று, கிட்டத்தட்ட பேசாமலேயே, முடிவு செய்தார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் பிரிய வேண்டும். அவர்களுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

உள்ளே 'விசாரணை' என்று எழுதிய மேஜைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே ஒரு பலகை. 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்ற தலைப்பில் ஐந்து கேள்விகள் பெரிய எழுத்தில் இருந்தன. வக்கீல் வேண்டுமா? தனித்தனியாக வாழ வேண்டுமா? எவ்வளவு காலம் ஆகும்? வீடு யாருக்கு? பிள்ளை யாரிடம் இருக்கும்?

"சண்டை போடாம பிரிய முடியுமாங்க?" என்று கேட்டார் கணவர்.

குமாஸ்தா திரும்பிப் பலகையை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார்.

"உங்க கேள்வி போர்டுல இல்லயே."

"இல்லதான். அதனாலதான் கேக்கறேன்."

"அடிக்கடி கேக்கறதுக்குத்தான் சார் இங்க பதில் இருக்கு. நீங்க கேக்கறத யாரும் கேக்கறதே இல்ல. இன்னும் நாலு பேர் கேட்டாங்கன்னா மேல எழுதிக் கேக்கலாம்." பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "அஞ்சாவது கேள்விக்கு வாங்க. பிள்ளை யாரு கிட்ட?" என்றார்.

"பிள்ளை இல்லீங்க" என்றாள் மனைவி.

"இல்லயா, இருந்துச்சா?"

மனைவி ஈரக் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப அஞ்சாவது உங்களுக்குப் பொருந்தாது. மிச்சம் நாலுதான்" என்றார் குமாஸ்தா. "வேலை சுலபமாயிடுச்சு பாருங்க."

வக்கீல் வேண்டும் என்பது முதல் கேள்விக்கான பதில். கடைக்கு அங்கி கொண்டுவரும் வக்கீல்களில் ஒருவரிடம் போனார்கள். எந்த வழக்கையும் அவர் முதல் நாளிலேயே தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்பார் என்பதால் அவருக்கு வாய்தா வக்கீல் என்று பெயர். தன்னுடைய திருமணத்தையே இரண்டு முறை தள்ளி வைத்தவர் என்று சொல்லிக்கொள்வார்கள்.

"வாங்க கடைக்காரரே. அங்கி ரெடியா?"

"அங்கி இல்ல சார். நாங்க பிரியலாம்னு இருக்கோம்."

வாய்தா வக்கீல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார் மேல தப்பு?"

"தப்புன்னு ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் சேந்து எடுத்த முடிவு."

"அதான் பிரச்சினை. ரெண்டு பேரும் இப்படி ஒத்துப்போனா, ஒத்துப்போகலன்னு எப்படி மனு போடறது? சரி, இருக்கட்டும். பரஸ்பர சம்மதம்னு ஒரு வழி இருக்கு. ஒரு வருஷம் தனித்தனியா வாழ்ந்திருக்கணும்."

"வாடகை குடுத்து இன்னொரு வீடு பாக்க இப்போதைக்கு முடியாதுங்க."

"ஒரே வீட்லயே தனியா இருக்கலாம். சட்டம் அவ்வளவு கொடுமையானது இல்ல. கூரை ஒண்ணா இருக்கலாம், அடுப்பு ஒண்ணா இருக்கக் கூடாது. நடுவுல ஒரு திரை போடுங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் ஒண்ணும் செய்யாதீங்க. ஒரு வருஷம் ஒண்ணுமே செய்யாம இருக்கறது என்ன பெரிய கஷ்டமா? நான் எத்தனையோ வருஷமா அதத்தான் செஞ்சிட்டிருக்கேன்."

யாரும் வாங்க வராமல் கடையில் கிடந்த ஒரு பச்சைத் திரைச்சீலையைக் கொண்டுவந்து கணவர் வீட்டின் நடுவே மாட்டினார். ஜன்னல் அவள் பக்கம் போனது. மின்விசிறி அவர் பக்கம் வந்தது. மகளின் பள்ளிக்கூடப் பை தொங்கிய ஆணி சரியாகத் திரைக்கு நேரே இருந்தது. அந்த ஆணியை இருவருமே தொடவில்லை. திரை அந்த இடத்தில் கொஞ்சம் புடைத்துக்கொண்டு நின்றது.

வருடம் முடியும் தறுவாயில் நீதிமன்றத்திலிருந்து கள ஆய்வாளர் வந்தார். பெட்டிகளைத் திறந்து பார்த்தார். பாத்திரங்களை எண்ணினார். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நாடா பிடித்து அளந்தார். எல்லாம் சரியாக இருப்பதில் அவருக்குச் சற்று வருத்தம்தான். புறப்படும்போது கணவர் பக்கத்து அலமாரியில் இருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்துவிட்டார். மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"என்னது இது?"

"டீங்க."

"யார் போட்டது?"

"அவ. காலையில சீக்கிரமே கடைக்குப் போயிடுவா. போகும்போது எனக்கும் ஊத்தி வச்சிட்டுப் போவா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான்."

ஆய்வாளர் திரைக்கு அந்தப் பக்கம் போய் மனைவியைக் கேட்டார். "ஏம்மா, டீயை எப்படிக் குடுத்தீங்க? திரையைத் தாண்டி வந்தா, அடியில தள்ளிவிட்டா?"

"அடியிலதான் தள்ளிவிட்டேங்க. திரையைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னாங்களே."

"சக்கரை போட்டா?"

"ஒண்ணரை ஸ்பூன். அவருக்கு அதான் அளவு."

ஆய்வாளர் சுகமாகப் பெருமூச்சு விட்டார். 'தம்பதியினரிடையே தேநீர் வழியாக இல்லறம் தொடர்கிறது. சர்க்கரையின் அளவு இன்னும் மறக்கப்படவில்லை' என்று அறிக்கை போனது. வருடம் முதலிலிருந்து தொடங்கியது.

"ஒரு டீயால ஒரு வருஷம் போச்சு. பாத்து நடந்துக்கங்க" என்றார் வாய்தா வக்கீல். "அவர் செத்துக் கிடந்தாக்கூட நீங்க அந்தப் பக்கம் போகக் கூடாதும்மா. போனீங்கன்னா பாசம்னு எழுதிடுவாங்க."

ஃபிளாஸ்க் பரணுக்குப் போனது. காலையில் கணவர் கடைக்குப் பக்கத்தில் நின்று காசுக்கு டீ குடித்தார். அவளுக்கு அடுப்படியில் கை தன்னால் இரண்டு பேருக்குத் தண்ணீர் பிடித்துவிடும். பாதியைத் திரும்பக் கொட்டிவிடுவாள். கொட்டும் சத்தம் திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

இரண்டாவது வருடம் பாதி தாண்டியபோது அவருக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அவளுக்குத் திரைக்குப் பின்னால் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. கையில் மருந்துப் பையோடு திரையருகே நின்றாள். அவளுடைய பாதங்கள் திரைக்கு அடியில் தெரிந்தன.

"காய்ச்சலா?"

"ஒண்ணுமில்ல, நீ போ. காலையில பாத்துக்கலாம்" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. திரை கம்பியோடு பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்தது.

"எழுந்திரிங்க" என்றாள். அவள் குரலை அவர் அப்படிக் கேட்டதே இல்லை. "இப்ப. இந்த நிமிஷம். எழுந்திரிங்கன்னு சொல்றேன்ல."

ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவருடைய மணிக்கட்டை அவள் விடவில்லை. சாதாரணக் காய்ச்சல்தான். ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆனால் வரவேற்பு மேஜையில் "நீங்க யாரு?" என்று கேட்டபோது, அவள் யோசிக்காமல் "மனைவி" என்று சொல்லியிருந்தாள். அது ஆய்வாளருக்கு எட்டியது. வருடம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. இந்த முறை கூடுதலாக, இப்படிப்பட்ட பாசமுள்ள தம்பதியைப் பிரிய விடலாகாது என்று சமரச அறைக்கும் அனுப்பிவைத்தார்கள்.

சமரச அறையில் ஒரு சோபாவும், கழுத்தைப் பின்னிக்கொண்ட இரண்டு அன்னங்களின் படமும் இருந்தன. சோபா நடுவில் குழிந்திருந்தது. யார் எங்கே உட்கார்ந்தாலும் சரிந்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். எதிரே ஆலோசகர் அம்மாள். அவருக்குப் பின்னால் வரிசையாகக் கேடயங்கள்.

"அதெல்லாம் நான் சேத்து வச்ச ஜோடிங்களுக்காகக் குடுத்தது" என்றார் அவர். "பெருமைக்குச் சொல்லல. என் கிட்ட வந்தவங்க யாரும் பிரிஞ்சு போனதில்ல. போனாலும் திரும்ப வருவாங்க, திரும்ப சேத்து வச்சிடுவேன். ஒரே ஜோடிய அஞ்சு தடவை சேத்து வச்சிருக்கேன்னா பாத்துக்கங்க. அஞ்சும் தனித்தனிக் கணக்குதான். அந்தப் பொண்ணு கடைசித் தடவை வந்தப்போ ஒரு கையில கட்டு. அப்பவும் சேத்து வச்சேன்."

"இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள் மனைவி.

"அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு வரவே இல்ல. நல்லாத்தான் இருக்கணும்." ஆலோசகர் கைகளைக் கோத்துக்கொண்டார். "சரி, ஒருத்தர் கண்ண ஒருத்தர் பாருங்க. மனசுல இருக்கறத அப்படியே கொட்டிடுங்க."

மனதில் இருந்தது ஒரு வாக்கியம்தான். இருவரும் அன்னங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தார்கள். 'தம்பதி ஒரே திசையில் பார்க்கின்றனர். நல்ல அறிகுறி' என்று ஆலோசகர் குறித்துக்கொண்டார்.

"இனிமே சம்மதமெல்லாம் சரிப்படாது" என்றார் வாய்தா வக்கீல். "உங்களுக்கு அந்தத் தெறமை இல்ல. ஒருத்தர் மேல ஒருத்தர் குத்தம் சொல்லிட வேண்டியதுதான். கொடுமைன்னு போடலாம். கடைக்காரரே, நீங்க மனுதாரர். அம்மா எதிர்மனுதாரர். என்ன கொடுமைன்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசி, நல்லதா நாலு யோசிச்சிட்டு வாங்க."

அன்று மாலை கடையில், தொங்கிக்கொண்டிருந்த கறுப்பு அங்கிகளுக்கு நடுவே, இருவரும் எதிரெதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கரண்டியால அடிச்சேன்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

"எந்தக் கரண்டி?"

"நீளமா இருக்குமே, அது."

"அதுதான் கைப்பிடி உடைஞ்சு தூக்கிப் போட்டாச்சே."

"அப்ப அடிச்சதுலதான் உடைஞ்சுதுன்னு சொல்லுங்க."

"நான் அவ்வளவு கெட்டித் தலையனா?"

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. சிரிப்பு நின்றது. நீராவி இஸ்திரிப் பெட்டி மட்டும் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவள், "தீர்ப்பு ஆனதும் படியில உக்காந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போயிடலாம். அன்னைக்கு மட்டும் போட்டு எடுத்துட்டு வரேன்" என்றாள்.

"சரி" என்றார் அவர். "அது போதும்."

வழக்கு நாளன்று அவள் பரணிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்துக் கழுவி, டீ நிரப்பி, பையில் வைத்து எடுத்துவந்தாள். அதை வக்கீலுக்குக்கூடத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தாள்.

நீதிபதி அணிந்திருந்த அங்கி முந்தின நாள்தான் கடையிலிருந்து போனது. அவர் முதலில் ஓர் உரை நிகழ்த்தினார்.

"குடும்பம் என்பது நாலு சுவருக்குள் நடப்பது. அதற்குள் எட்டிப் பார்ப்பதில் இந்த நீதிமன்றத்துக்குத் துளியும் விருப்பம் இல்லை. அது அநாகரிகம். இப்போது சொல்லுங்கள், எந்தக் கையால் அடித்தாள்?"

"இடது கையாலங்க."

"ஏன் இடது கை?"

"அவளுக்கு அதுதான் பழக்கம். சோத்துக் கையில எதாவது சுட்டுக்கிட்டா அவளுக்குச் சிரமம்னு, பாத்திரமெல்லாம் நான் அவளுக்கு இடப்பக்கமா…"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அடித்தவளுக்குக் கை நோகுமே என்று அடிபட்டவர் கவலைப்படுகிறார். கரண்டி தள்ளுபடி. வேறு?"

"சாப்பாட்டுல உப்பு அதிகம் போடுவா ஐயா."

"சாதாரணத் தேய்மானம். எல்லா வீட்டிலும் உண்டு. என் வீட்டில் உப்பே கிடையாது, நான் யாரிடம் போவது? வேறு?"

வேறு இல்லை. வாய்தா வக்கீல் எழுந்து, வழக்கைத் தள்ளி வைக்குமாறு கேட்டுக்கொண்டார்.

"தள்ளி வைக்க முடியாது" என்றார் நீதிபதி. "இந்த நீதிமன்றத்தை யாரும் முட்டாளாக்க முடியாது. அது ஏற்கெனவே… அது போகட்டும். மனுதாரரே, சண்டை இல்லை, அடி இல்லை, குடி இல்லை. ஆனால் பிரிய வேண்டும். ஏதோ ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லுங்கள்."

அவர் பேசாமல் நின்றார். அவளும் பேசாமல் நின்றாள். தட்டச்சர் விரல்களை விசைகள்மேல் வைத்தபடி காத்திருந்தார். வெகுநேரம் ஆயிற்று.

"என்ன அடிக்கட்டும் ஐயா?" என்றார் தட்டச்சர். "பேசாம நிக்கறதுக்கு இந்த மெஷின்ல எழுத்து இல்லீங்க."

"கேட்டீர்களா?" என்றார் நீதிபதி. "காரணம் சொல்லுங்கள். இல்லையென்றால் மனு தள்ளுபடி. சமரச அறை, திரை, ஆய்வாளர், எல்லாம் முதலிலிருந்து."

கணவர் மனைவியைப் பார்த்தார். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு கைகளாலும் பையை அணைத்துப் பிடித்திருந்தாள். இன்னொரு வருடம் அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. ஒரே ஒரு தடவை. மெல்ல. நீதிபதிக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டால் முடிந்துவிடும். மேஜையை ஒட்டிப் போய்க் குனிந்தார்.

"அன்னைக்கே புள்ளையத் தூக்கிட்டுப் போயிருக்கலாங்க" என்றார். "இவதான் காலையில பாத்துக்கலாம்னு சொன்னா."

"சத்தமாக" என்றார் நீதிபதி. "எதிர்மனுதாரருக்குக் கேட்க வேண்டும். அது அவருடைய உரிமை."

அவர் சத்தமாகச் சொன்னார்.

நீதிபதியின் முகம் மலர்ந்தது. "இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? இத்தனை காலம் எல்லோருடைய நேரத்தையும் வீணடித்துவிட்டீர்களே!" தட்டச்சர் பக்கம் திரும்பினார். "எழுதிக்கொள்ளுங்கள். எதிர்மனுதாரரின் அலட்சியமே குழந்தையின் மரணத்துக்குக் காரணம் என்று மனுதாரர் கூறுகிறார்."

"அலட்சியம்னு நான் சொல்லலீங்க. அவ அப்படி இல்ல. ராத்திரி முழுக்க நெத்தியில துணிய நனைச்சு நனைச்சு…"

"நீங்கள் சொன்னதற்குச் சட்டத்தில் அதுதான் பெயர். வாசித்துக் காட்டுங்கள்."

தட்டச்சர் வாசித்தார். அவருக்குக் கணீரென்ற குரல். கடைசி வரிசை பெஞ்சுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள்.

"எதிர்மனுதாரர் இதை மறுக்கிறாரா?"

அவள் நீதிபதியைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. பேசாமல் நிற்பதற்கு எழுத்து இல்லாத அந்த இயந்திரத்தில் இப்போது அதற்கு ஒரு வார்த்தை இருந்தது. தட்டச்சர் யாரையும் கேட்காமல் அதை அடித்தார். 'ஒப்புக்கொண்டார்.'

விவாகரத்து அங்கேயே வழங்கப்பட்டது. இவ்வளவு தெளிவான வழக்கு தம் அனுபவத்தில் அரிது என்று நீதிபதி இரு தரப்பையும் பாராட்டினார்.

வெளியே படிக்கட்டில் வாய்தா வக்கீல் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். பையிலிருந்து எட்டிப் பார்த்த ஃபிளாஸ்க்கை அப்போதுதான் கவனித்தார்.

"அட, கொண்டாந்திருக்கீங்களா! இனிமே தாராளமா டீ போட்டுக் குடுக்கலாம்மா. சட்டப்படி ஒரு தடையும் இல்ல." அடுத்த கட்சிக்காரர் கூப்பிட, உள்ளே போனார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் படியில் உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கின் மூடியில் டீயை ஊற்றி அவர் பக்கத்தில் வைத்தாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

"நான் வந்து…" என்றார் அவர்.

"தெனமும் எனக்குள்ள நானே அதைச் சொல்லிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் அவள். "தூங்கறதுக்கு முன்னாடி, எழுந்த பின்னாடி. உங்க வாயால மட்டும் வராம இருந்தா போதும்னு இருந்துச்சு."

அவள் எழுந்தாள். அவர் குடையை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. தலையில் முந்தானையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் மழையில் இறங்கி, தெருமுனையில் பேருந்துக்கு நின்றவர்களோடு நின்றாள். பேருந்து வந்தது. போன பிறகு அங்கே யாரும் இல்லை.

அவர் மூடியைக் கையில் எடுத்தார். குடிக்காமல் வைத்திருந்தார். தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்ற வாசல் காவலருக்கு அவரை அடையாளம் தெரிந்தது.

"நீங்க ஒரே கொடையில வந்தவங்கதானே? முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

"பரவால்ல" என்றார் காவலர். "இங்க ஒவ்வொருத்தரும் போடற கூச்சலுக்கு, நீங்க சண்டை கிண்டை இல்லாம முடிச்சிட்டீங்க."

அவர் தலையசைத்தார். டீயின் மேல் ஆடை படர்ந்துவிட்டிருந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்தார். ஒன்றரை ஸ்பூன்தான்.